மேய்ப்பரைக் கேட்கும் முன்

1841ஆம் ஆண்டு, சனவரித் திங்கள் 21ஆம் நாள். ஸ்காட்லாந்து நாட்டின் வடகிழக்கே மார்னாக் என்றொரு சிற்றூர்ப் பங்கு. வழியெங்கும் பனி மூடிக் கிடந்தது. ஆயினும் அன்று அவ்வூர் ஆலயம் மக்களால் நிரம்பி வழிந்தது. புதிய போதகர் ஒருவரைத் திருநிலைப்படுத்தும் நாள் அது. விழாக்கோலம் எங்கும் இல்லை, வரவேற்பும் இல்லை. பங்கு மக்களின் சார்பில் ஒரு மறுப்புரை வாசிக்கப்பட்டது. அது முடிந்ததும், தலைமுறை தலைமுறையாக அங்கே அமர்ந்து வழிபட்ட மக்கள், தத்தம் இருக்கைகளில் வைத்திருந்த விவிலிய நூல்களைக் கையில் எடுத்துக்கொண்டு, எழுந்து, வரிசையாகப் பனிக்குள் நடந்து வெளியேறினர். வேடிக்கை பார்க்க வந்த வெளியூராரின் கூச்சலுக்கு நடுவே திருநிலைப்பாட்டுச் சடங்கு நடந்தேறியது. மேய்ப்பர் உள்ளே நின்றார். மந்தையோ வெளியே போய்விட்டது.

வந்தவர் அறிமுகமற்றவர் அல்லர். ஜான் எட்வர்ட்ஸ் என்னும் அவர் முன்பிருந்த முதிய போதகருக்கு உதவியாளராக அதே பங்கில் பணியாற்றியவர். மக்களின் விருப்பப்படி விலக்கப்பட்டவர். அந்த முதியவர் இறந்தபின், நியமன உரிமை பெற்றிருந்தவர்கள் அவரையே மீண்டும் முன்மொழிந்தனர். பங்கில் வாக்குரிமை பெற்ற குடும்பத் தலைவர்கள் 300 பேர். அவர்களுள் 261 பேர் ‘வேண்டாம்’ என்றனர். அவரை அழைக்கும் மடலில் கையொப்பமிட்டவர் ஒரே ஒருவர். அவர் ஊரில் சத்திரம் நடத்தி வந்தவர்.

பிரஸ்பிட்டேரியன் சபை எனப்படும் மூப்பர் ஆட்சிச் சபையின் வரலாற்றில் மார்னாக் மறக்கவொண்ணாப் பெயர். அங்கு எழுந்த வினாவை இன்றும் அச்சபையார் கேட்டுக்கொண்டிருக்கின்றனர். தமக்குத் தக்க மேய்ப்பர் யார் என்று ஒரு மந்தை எவ்வாறு அறியும்? அதனை அறியுமுன், தான் யார் என்பதை அது அறிந்திருக்கிறதா? இவ்விரு வினாக்களுக்கும் இடையே ஓடும் நீண்ட வழியைச் சற்றே நடந்து பார்ப்போம்.

நம் திருச்சபையில் ஆயர் அனுப்புகிறார், பங்குத்தந்தை வருகிறார். மூப்பர் ஆட்சிச் சபையின் முறை வேறு. அங்கே ஆயர் இல்லை. ஒவ்வொரு பங்கையும், போதகரும் மக்கள் தெரிந்துகொண்ட மூப்பர்களும் சேர்ந்த ‘மூப்பர் அவை’ நடத்துகிறது. பல பங்குகளின் போதகரும் மூப்பரும் கூடியது ‘வட்டார மூப்பர் மன்றம்’. அனைத்திற்கும் மேலே பொதுப் பேரவை. ஒரு பங்கில் போதகர் இடம் வெறுமையானால், மக்கள் ஒருவரைத் தேடி அழைக்க வேண்டும். வட்டார மன்றம் அந்த அழைப்பை ஆராய்ந்து ஒப்ப வேண்டும். மக்களின் அழைப்பும் மன்றத்தின் ஒப்புதலும் ஒன்றுசேரும்போதே அது இறைவனின் அழைப்பு எனக் கொள்ளப்படும்.

இக்கொள்கை தொடக்கத்திலேயே எழுதப்பட்டது. 1560ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் சீர்திருத்தம் வெற்றி பெற்றபோது, ஜான் நாக்சும் அவருடைய தோழர் ஐவரும் ‘முதல் ஒழுங்கு நூல்’ என்பதனை யாத்தனர். அறுவருக்கும் ஜான் என்பதே பெயர் என்பது வியப்புக்குரிய செய்தி. தனக்குரிய போதகரைத் தெரிந்துகொள்வது ஒவ்வொரு சபையின் உரிமை என்று அந்நூல் கூறியது. அதே வேளையில், 40 நாட்களுக்குள் சபை அதைச் செய்யத் தவறினால் மேற்பார்வையாளரும் அவருடைய அவையும் ஒருவரைத் தரலாம் என்றும் விதித்தது. உரிமை தந்தவர்கள் சோம்பலுக்கு இடம் தரவில்லை.

ஆனால் எழுதியது ஒன்று, நடந்தது வேறு. ஊர் ஆலயத்திற்கு நிலமும் வருவாயும் தந்த பெருங்குடியினர், அதற்கு ஈடாகக் குருவை நியமிக்கும் உரிமையை இடைக்காலம் முதலே வைத்திருந்தனர். ‘புரவலர் உரிமை’ என்று இதனைச் சொல்லலாம். அரசும் நிலக்கிழாரும் நகர மன்றங்களும் இவ்வுரிமையை விட மனமின்றி இருந்தனர். இது நமக்கும் புரியாத செய்தியன்று. போர்த்துக்கல் மன்னரின் ‘பதுரவாதோ’ உரிமையால் நம் கடற்கரைப் பங்குகள் எத்தனை தலைமுறை இரு கூறாகி நின்றன என்பதை முதியோர் சொல்லக் கேட்டவர்கள் நம்மிடையே உண்டு. பொருள் தந்தவன் ஆளையும் தருவேன் என்று சொல்லும்போது, திருச்சபை எங்கும் ஒரே வகைத் துன்பத்தையே அடைந்திருக்கிறது.

ஸ்காட்லாந்தில் இவ்வுரிமை கடலலைபோல் வந்து வந்து போயிற்று. 1649இல் நாடாளுமன்றம் அதனை நீக்கியது. இரண்டாம் சார்லஸ் அரசேறியபின் அது திரும்பியது. 1690இல் மீண்டும் நீங்கியது. நிலவுடைமையாளரும் மூப்பரும் ஒருவரை முன்மொழிய, சபையார் ஏற்கவோ காரணம் காட்டி மறுக்கவோ செய்யும் முறை வந்தது. 1712இல், அன்னி அரசியின் ஆட்சிக் காலத்தில், இலண்டன் நாடாளுமன்றம் புரவலர் உரிமையை மறுபடியும் நிலைநாட்டியது. அதன்பின் 162 ஆண்டுகள் அச்சபைக்கு அமைதி இல்லை. 1733இல் எபனேசர் எர்ஸ்கினும் தோழர் மூவரும் பிரிந்து தனி மன்றம் கண்டனர். 1752இல் தாமஸ் கில்லெஸ்பி என்னும் போதகர், மக்கள் விரும்பாத ஒருவரை இன்வர்கீதிங் பங்கில் அமர்த்தும் சடங்கிற்கு வர மறுத்ததால் பதவி இழந்தார். 1761இல் அவரும் வேறிருவரும் ‘விடுதலைச் சபை’ ஒன்றைத் தொடங்கினர்.

1834இல் பொதுப் பேரவை துணிந்து ஒரு விதி செய்தது. புரவலர் யாரை அனுப்பினாலும், திருவிருந்தில் பங்குபெறும் ஆண் குடும்பத் தலைவர்களுள் பெரும்பாலோர் மறுத்தால், அவரை அமர்த்தலாகாது. மறுப்போர் காரணம் கூறத் தேவையில்லை. பகைமையாலோ கட்சி மனப்பான்மையாலோ தாம் மறுக்கவில்லை என்று கடவுளின் திருமுன் உறுதி கூறினால் போதும். அதே ஆண்டில் ஆக்டரார்டர் என்னும் பங்கில் இவ்விதி சோதனைக்கு உள்ளாயிற்று. கின்னூல் பிரபு அனுப்பிய ராபர்ட் யங் என்பவரை 330 குடும்பத் தலைவர்களுள் 287 பேர் மறுத்தனர். அழைப்பு மடலில் கையொப்பமிட்ட பங்கு மக்கள் இருவர் மட்டுமே. வழக்கு நீதிமன்றம் ஏறியது. 1838இல் எடின்பரோ உயர் நீதிமன்றமும், 1839இல் பிரபுக்கள் அவையும் புரவலர் பக்கமே தீர்ப்பளித்தன. மக்களின் மனம் சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படவில்லை. மார்னாக் துயரம் இத்தீர்ப்பின் நிழலிலேயே நடந்தது.

முடிவு 1843ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் வந்தது. எடின்பரோ நகரின் புனித அந்திரேயா ஆலயத்தில் பொதுப் பேரவை கூடியது. தலைவர் டேவிட் வெல்ஷ் மறுப்புரையை வாசித்து மேசைமேல் வைத்துவிட்டு வாயில் நோக்கி நடந்தார். தாமஸ் சால்மர்ஸ் உள்ளிட்டோர் பின்தொடர்ந்தனர். நகரின் சரிவில் இறங்கி, கேனன்மில்ஸ் பகுதியில் உள்ள டான்ஃபீல்டு மண்டபத்தில் கூடி, ‘சுதந்திரச் சபை’யை நிறுவினர். சுமார் 1,200 போதகர்களுள் 450க்கும் மேற்பட்டோர் தங்கள் ஆலயம், இல்லம், ஊதியம் ஆகிய மூன்றையும் துறந்தனர். அந்த ஊர்வலத்தின் அதிர்வு சென்னை வரை எட்டியது. 1837இல் சென்னைக்கு வந்து பள்ளி நடத்திய ஜான் ஆண்டர்சனும் உடன் உழைத்தோரும் சுதந்திரச் சபையின் பக்கம் நின்றனர். அந்தப் பள்ளியே பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. 1874இல் ஸ்காட்லாந்தின் அரசுச் சபையிலும் புரவலர் உரிமை சட்டப்படி ஒழிந்தது. அழைக்கும் உரிமை இறுதியாக மக்களின் கைக்கு வந்தது.

இங்கேதான் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். இத்தனைப் போராட்டமும் ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமைக்காக நடந்தது. அது விலைமதிப்பற்ற உரிமை என்பதில் ஐயமில்லை. ஆனால் ‘வேண்டாம்’ என்பதற்குத் தன்னை அறியவேண்டிய கட்டாயம் இல்லை. 1834ஆம் ஆண்டு விதி காரணம்கூடக் கேட்கவில்லை. ‘வேண்டும்’ என்பது அத்தகையதன்று. இவர் எமக்கு வேண்டும் என்று சொல்பவன், எமக்கு எது குறை, எது தேவை, நாங்கள் எங்கே போகிறோம் என்று சொல்லக் கடமைப்பட்டவன். புரவலர் இருந்தவரை எல்லாத் தவறுக்கும் அவரையே காரணம் காட்டலாம். அவர் போனபின், கண்ணாடி முன் நிற்பது சபை மட்டுமே.

இத்தகைய தன்னாய்வுக்கு வேண்டிய கருவி அச்சபையிடம் முன்பே இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் வட்டார மன்றத்தார் பங்குகளைச் சந்திக்க வருவர். போதகர் மறையுரை ஆற்றியபின் அவரை வெளியே அனுப்பிவிட்டு மூப்பரிடம் கேட்பர்: இவர் போதனை எப்படி? நோயுற்றோரைச் சந்திக்கிறாரா? இவருடைய வாழ்வு எப்படி? பின்னர் மூப்பரை வெளியே அனுப்பிவிட்டு, அவர்களைப் பற்றிப் போதகரிடம் கேட்பர். மூப்பர் அவைக்குள்ளும் ‘தனித் திறனாய்வு’ என்றொரு வழக்கம் இருந்தது. ஒவ்வொருவராக வெளியே செல்ல, மற்றவர்கள் அவரைப்பற்றித் தம் மனத்தில் உள்ளதைச் சொல்வர். பிறகு அவரை உள்ளே அழைத்து அறிவிப்பர். திருவிருந்துக்கு முன்னும் மக்களைச் சோதித்து, தகுதி பெற்றோருக்கு ஈயத்தால் ஆன சிறு வில்லை ஒன்றைத் தருவர். அதைக் காட்டியே விருந்து மேசையை அணுகலாம். அப்பத்தை உண்ணுமுன் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே சோதித்தறிய வேண்டும் எனப் பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதியதை அவர்கள் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டனர். அம்முறையில் கடுமை மிகுதிதான். அச்சமும் புறங்கூறலும் அதில் புகுந்திருக்கும். எனினும் அதன் உள்ளே ஓர் உண்மை இருந்தது. திருமுன் செல்வோர் தம்மைப் பாராமல் செல்லலாகாது என்பதே அது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்வுண்மை புதிய உருவில் வந்தது. அமெரிக்க நாட்டின் வடபுலத்து, தென்புலத்துப் பிரஸ்பிட்டேரியன் சபைகள் உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஏற்பட்ட பிளவை ஆற்றி, 1983இல் ஒன்றாயின. அச்சபையில் ஒரு போதகர் விடைபெற்றுச் செல்லும்போது, மறுநாளே அடுத்தவரைத் தேடத் தொடங்குவதில்லை. வட்டார மன்றத்தின் வழிகாட்டுதலோடும் இசைவோடுமே பணி தொடங்கும். பல வட்டார மன்றங்கள் முதலில் ‘பணி ஆய்வு’ ஒன்றை நடத்துமாறு கேட்கின்றன. நாம் யார்? நமக்கு அயலார் யார்? இறைவன் நம்மை எதற்கு அழைக்கிறார்? இம்மூன்றே அதன் வினாக்கள். அது முடிந்தபின்னரே பங்கு முழுவதையும் எதிரொலிக்கும் வகையில் ஒரு நியமனக் குழு தெரிந்துகொள்ளப்பட்டு, தேடுதல் தொடங்கும்.

வினாக்கள் எளியவை, விடைகள் எளியவை அல்ல. முதல் வினாவுக்கு விடை காண, சபையின் வரலாற்றை முதியோரிடம் கேட்டு ஆண்டுவாரியாக எழுதுவர். எந்த ஆண்டில் ஆலயம் கட்டினோம் என்பது எளிதில் வந்துவிடும். எந்த ஆண்டில் பாதிப்பேர் கோபித்துக்கொண்டு போனார்கள், முன்பிருந்த போதகர் ஏன் மூன்று ஆண்டில் மனமொடிந்து சென்றார் என்பவை மெல்லத்தான் வரும். சில வேளை வராமலே போகும். பதிவேடுகளைப் புரட்டி உறுப்பினர் தொகை, ஞாயிறு வழிபாட்டிற்கு வருவோர், குழந்தைகளின் எண்ணிக்கை, காணிக்கை வரவு ஆகியவற்றை எழுதுவர். ‘நாங்கள் அன்பான குடும்பம்’ என்று எல்லாப் பங்கினரும் தம்மைப் பற்றிச் சொல்வதுண்டு. புதிதாய் வந்த ஒருவர் இரண்டாம் ஞாயிறு ஏன் வரவில்லை என்று கேட்டால்தான் அந்தச் சொல்லின் எடை தெரியும்.

இரண்டாம் வினா இன்னும் கூரியது. ஆலயம் எழுந்த நாளில் அதைச் சுற்றி வாழ்ந்தோர் இன்று அங்கே இல்லாமல் இருக்கலாம். தெருவில் வேறு மொழி பேசுவோர், வேறு நிறத்தவர், வறியவர் வந்து குடியேறியிருக்கலாம். சபையாரோ தொலைவிலிருந்து வாகனத்தில் வந்து வழிபட்டுத் திரும்புவோராய் மாறியிருக்கலாம். நல்ல சமாரியர் உவமையைப் பலமுறை கேட்டவர்கள், தம் ஆலய வாயிலின் எதிரே குடியிருப்பவர் பெயர் தமக்குத் தெரியாது என்பதை இந்த ஆய்வில் கண்டு திடுக்கிடுவர். அந்தத் திடுக்கிடலே ஆய்வின் பயன்.

இவ்விடைக்காலத்தைப் பற்றிய சிந்தனையை வளர்த்தவர்களுள் எபிஸ்கோபல் சபைக் குருவான லோரன் மீட் குறிப்பிடத்தக்கவர். அவர் 1974இல் ஆல்பன் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்தச் சிந்தனை வட்டத்திலிருந்து, போதகரில்லாக் காலத்தில் ஒரு சபை செய்ய வேண்டிய ஐந்து பணிகள் பரவலாயின. தன் கடந்த காலத்தோடு சமரசம் காண்பது. தன் தற்போதைய அடையாளத்தை அறிவது. தலைமைப் பொறுப்புகளில் வரும் மாற்றத்தை ஏற்பது. பரந்த திருச்சபையோடு உள்ள பிணைப்பைப் புதுப்பிப்பது. வரப்போகும் தலைவருக்குத் தன்னை ஆயத்தமாக்குவது. இவற்றுள் முதலாவதே கடினம். விடைபெற்றவர் அன்பானவராய் இருந்தால் அவரையே நினைத்து ஏங்கும் மனம்; துன்புறுத்தியவராய் இருந்தால் அடுத்தவரிலும் அவரையே காணும் மனம். இரண்டும் புதியவருக்கு நீதி செய்யா.

இந்தக் காலத்திற்கென அமர்த்தப்படும் இடைக்காலப் போதகர், பொதுவாக அப்பங்கின் அடுத்த நிலையான போதகராக ஆகலாகாது. வட்டார மன்றத்தின் நான்கில் மூன்று பங்கு வாக்கு இருந்தாலன்றி அதற்கு இடமில்லை. பழைய போதகரும் அழைப்பின்றி அங்கே திருப்பணி ஆற்றலாகாது. உண்மையைப் பேசவேண்டிய இடத்தில், அப்பேச்சால் ஆதாயம் பெறுபவரோ புண்படுபவரோ நடுவில் நிற்கலாகாது என்னும் கருத்து இவ்விதிகளில் அடங்கியிருக்கிறது.

ஸ்காட்லாந்திலும் இன்று இத்தகைய ஒழுங்கே நிலவுகிறது. 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெறுமையான பங்கிற்கு வட்டார மன்றம் ஓர் இடைக்காலத் தலைவரை அனுப்பும். பங்கைப் பற்றிய விவரக் குறிப்பு எழுதப்படும். சபையார் தெரிந்துகொள்ளும் நியமனக் குழுவில் 13 பேருக்கு மேல் இருத்தலாகாது. குழுவினர் ஒருவரை மட்டுமே முன்னிறுத்துவர். அவர் வழிபாடு நடத்தியபின் மக்கள் மறைவாய் வாக்களிப்பர். பெரும்பான்மை கிடைத்தால், அழைப்பு மடலில் கையொப்பமிடுவர். மார்னாக்கில் ஒரே ஒருவர் கையொப்பமிட்ட அதே மடல்!

இனி, இம்முறையில் குறையே இல்லையா? உண்டு. விவரக் குறிப்பு என்பது தன்னாய்வாக இராமல் விளம்பரமாகிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. வயதில் இளையவர், அனுபவத்தில் முதியவர், நன்றாகப் பேசுபவர், குறைவாகக் கேட்பவர் என எல்லாம் ஒருவரிலேயே வேண்டும் என்று எழுதும் சபை, தன்னைப் பார்க்கவில்லை. தன் கனவைப் பார்க்கிறது. அப்படி எழுதியதை நம்பி, ஒரு போதகர் மனைவி மக்களோடு நெடுந்தொலைவு பெயர்ந்து வருகிறார். ஓராண்டுக்குள், எழுதப்படாத பக்கங்கள் ஒவ்வொன்றாய்த் திறக்கின்றன. உறங்கிக் கிடந்த பூசல் விழிக்கிறது. வற்றிய நிதி வெளிப்படுகிறது. அப்போது முறிவது ஓர் ஒப்பந்தம் மட்டுமன்று. ஒரு மனிதனின் நம்பிக்கையும் ஒரு குடும்பத்தின் அமைதியும் முறிகின்றன. பொய்யான தற்சித்திரம் எழுதும் சபை, தன்னைமட்டும் ஏமாற்றுவதில்லை.

இன்று இந்த ஆய்வுக்கு மற்றொரு பாரமும் சேர்ந்துள்ளது. 1983இல் சுமார் 31 லட்சம் உறுப்பினரைக் கொண்டிருந்த அந்த அமெரிக்கச் சபை, 2022இன் இறுதியில் சுமார் 11 லட்சத்து 40 ஆயிரமாய்க் குறுகியது. ஸ்காட்லாந்துச் சபை 1950களில் சுமார் 13 லட்சம் பேரைக் கொண்டிருந்தது. 2023இன் இறுதியில் அது சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம். போதகர்களும் குறைந்தனர். 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே ஒவ்வொரு வட்டார மன்றமும், எந்தப் பங்குகள் இணைய வேண்டும், எந்த ஆலயங்கள் மூடப்பட வேண்டும் என்று திட்டம் வகுக்க வேண்டியதாயிற்று. ஆகவே, ‘எத்தகைய போதகர் வேண்டும்?’ என்று எழுத அமர்ந்த சபை சில வேளை, ‘நமக்கென்று தனிப்போதகர் இனியும் தகுமா? நாம் தனிச்சபையாய் நிலைப்பது யாருக்காக?’ என்னும் வினாவைச் சந்திக்கிறது. ஞானமுழுக்குப் பெற்ற தொட்டியும், பெற்றோரை அடக்கம் செய்த கல்லறையும் உள்ள இடத்தைப் பற்றி அவ்வினாவைக் கேட்பது எவ்வளவு கடினம்! அதற்கும் விடை எழுதத் துணிந்த சபைகளுண்டு. தன் முடிவை உண்மையாய் ஏற்கும் சபை, அயலிலுள்ள சபைக்கு உயிரூட்டிச் செல்வதும் உண்டு.

மார்னாக் மக்களிடம் திரும்பி வருவோம். அன்று பனியில் வெளியேறியவர்கள் வீடு திரும்பி வாளாவிருக்கவில்லை. அருகிலுள்ள அபர்சர்டர் ஊரில் தங்களுக்கென ஓர் ஆலயத்தை எழுப்பினர். தாங்கள் விரும்பிய போதகரை அழைத்தனர். புரவலரை மறுத்தவர்கள், அதுவரை புரவலர் மரபால் வந்த பொறுப்புகளைத் தங்கள் தோளில் ஏற்றனர். ‘வேண்டாம்’ என்று சொன்ன வாய், ‘வேண்டும்’ என்று சொல்லவும், அதற்குரிய விலையைக் கொடுக்கவும் கற்றுக்கொண்டது.

மேய்ப்பர் ஒருவர் தேர்தலால் வரலாம், அனுப்பப்பட்டும் வரலாம். எவ்வழியில் வந்தாலும், அவர் வந்து சேரும் இடம் வெற்றுக் கட்டடமன்று. ஏற்கெனவே வாழ்ந்தும் வீழ்ந்தும், மன்னித்தும் மன்னிக்காமலும் வந்துள்ள ஒரு மக்கள் கூட்டம். வருபவர் எப்படிப்பட்டவரோ என்று பேசுவதில் நாம் எல்லாருமே வல்லவர்கள். அந்த வெறுமையான பிரசங்க மேடையைச் சற்று நேரம் வெறுமையாகவே விட்டுவைத்து, அதன் எதிரே அமர்ந்து, வருபவர் இங்கே எப்படிப்பட்டவர்களைக் காண்பார் என்று கேட்கும் பழக்கத்தை, மூன்று நூற்றாண்டுப் போராட்டத்திற்குப் பின் அச்சகோதரர்கள் கற்றுக்கொண்டனர். அவ்வினாவைக் கேட்பதற்கு யாரும் யாருக்கும் வாக்களிக்க வேண்டியதில்லை.